வாடகைப் படம்: முதல் முறை எடுப்பவர்களுக்கு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் டிவியும், வீடியோ கேசட் ஓட்டும் டெக்கும் ஒரு ராத்திரி வாடகைக்கு வரும். மூன்று கேசட், விடிய விடியப் படம். காலையில் கடைப் பையன் வந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். இப்போது யூடியூபிலும் அமேசான் பிரைம் வீடியோவிலும் அதே வாடகைதான். பையன் வருவதில்லை, கெடு முடிந்ததும் படம் தானாகப் போய்விடுகிறது.

படி 1: ஏற்கெனவே காசு கட்டியிருக்கிறீர்களா?
படத்தின் பெயரை ஜஸ்ட்வாட்ச் தளத்தில் தேடுங்கள். எந்த ஆப்பில் சந்தாவிலேயே இருக்கிறது, எங்கே வாடகைக்கு இருக்கிறது என்று காட்டும். சந்தா கட்டிய ஆப்பில் இருக்கும் படத்துக்கு இன்னொரு இடத்தில் வாடகை கொடுப்பது வீண். சந்தாவே இல்லையென்றாலும் கவலை வேண்டாம். 2022இல் பிரைம் வீடியோ இந்தியாவில் வாடகையைத் தொடங்கியபோதே, பிரைம் உறுப்பினர் அல்லாதவர்களும் எடுக்கலாம் என்றுதான் தொடங்கியது.

படி 2: மொழியைப் பாருங்கள்
ஆங்கிலப் படம் என்றால் தமிழ் டப்பிங் இருக்கிறதா, இல்லையென்றால் சப்டைட்டிலாவது இருக்கிறதா என்று காசு கட்டும் முன்பே விவரப் பக்கத்தில் பாருங்கள். டிரெய்லர் தமிழில் ஓடியதை நம்பி எடுத்துவிடாதீர்கள். எஸ்டி (சாதாரணத் தெளிவு), எச்டி (கூடுதல் தெளிவு) என்று இரண்டு விலை இருந்தால், போனில் பார்ப்பவருக்கு எஸ்டி போதும்.

படி 3: காசு கட்டுவது
சில இடங்களில் ‘வாடகை’, ‘வாங்கு’ என்று இரண்டு பொத்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் வாங்கு என்பதை அழுத்தினால் விலை எங்கேயோ போய்விடும். டிவி ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதைவிட, போனிலோ கம்ப்யூட்டரிலோ கட்டிவிடுங்கள். அதே கணக்கில் நுழைந்திருந்தால் டிவியிலும் படம் வந்து நிற்கும்.

படி 4: பிளே பொத்தானைத் தொடாதீர்கள்
பலர் கோட்டை விடுவது இங்கேதான், நானும் விட்டேன். வாடகை கட்டினால் பொதுவாக 30 நாள் கிடைக்கும். ஆனால் அது பார்க்க *ஆரம்பிப்பதற்கான* கெடு. ஒருமுறை பிளே அழுத்திவிட்டால் பெரும்பாலும் 48 மணி நேரம்தான். ஒரு வெள்ளி மத்தியானம், சரியாக ஓடுகிறதா பார்ப்போமே என்று இரண்டு நிமிடம் ஓட்டினேன். ஞாயிறு சாயங்காலம் மாமனார் மாமியார் எல்லாரும் வந்து உட்கார்ந்தபோது, மறுபடி வாடகை கட்டச் சொன்னது! கட்டினேன், வேறென்ன செய்ய. சோதிக்க வேண்டுமானால் டிரெய்லரை ஓட்டுங்கள், அதற்குக் கெடு எண்ணப்படாது. தவறாக எடுத்த படத்தை ரத்து செய்யும் வாய்ப்பும் பெரும்பாலும் பிளே அழுத்தாத வரைக்கும்தான்.

படி 5: டிவிக்குக் கொண்டுபோவது
ஸ்மார்ட் டிவியில் அந்த ஆப்பையே திறப்பது நல்லது. போன் திரையை அப்படியே டிவியில் காட்டும் மிரரிங் போட்டால் பல நேரம் சத்தம் வரும், படம் கறுப்பாக இருக்கும். டிவி பழுதில்லை, திருட்டுக் காப்பியைத் தடுக்கும் பூட்டு அது. ஆப்பிலேயே படத்தை டிவிக்கு அனுப்பும் காஸ்ட் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள், அது வேலை செய்யும்.

அப்புறம், வீட்டில் ரிமோட்டைப் பிடுங்கும் வாண்டுகள் இருந்தால் அமைப்புகளில் போய் வாங்குவதற்கு ஒரு பின் எண் போட்டுவிடுங்கள். பிறந்த வருடத்தைப் போடாதீர்கள், அது அவர்களுக்குத் தெரியும்.