ஐம்பது வயதில் அமெரிக்கா சேரும் சேலத்துக்காரர்களுக்கு: உடல் இயலாமை உதவித்தொகை குறித்துச் சில விவரங்கள்

நியூ ஜெர்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். அண்ணனோ அக்காவோ மனுப் போட்டு, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்து கிரீன் கார்டு கிடைத்தவர்கள், பெட்டி கட்டும் முன் என்னிடம் வந்து விவரம் கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஐம்பதை ஒட்டிய வயதினர். அம்மாப்பேட்டைத் தறியிலும், சிவதாபுரம் கொலுசுப் பட்டறையிலும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலும் முப்பது ஆண்டுகள் உழைத்த உடம்போடு, அங்கே கடையிலும் கிடங்கிலும் நின்றுகொண்டே செய்யும் வேலையில் சேருகிறார்கள். உடம்பு எப்போது மறுக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் (அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு அலுவலகம்) வழங்கும் இயலாமை உதவித்தொகையைப் பற்றிச் சென்று சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் நம் ஊர் நடைமுறையை மறந்துவிட வேண்டும். இங்கே மருத்துவக் குழு நாற்பது விழுக்காடு, அறுபது விழுக்காடு என்று எழுதி அடையாள அட்டை தருகிறது. அங்கே விழுக்காட்டுக் கணக்கே கிடையாது. குறைந்தது 12 மாதம் நீடிக்கும் அல்லது உயிருக்கே முடிவாகும் என்று எதிர்பார்க்கப்படும் நோயால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் எந்த வேலையையும் செய்ய இயலாத நிலையில் இருக்கிறீர்களா என்பது மட்டுமே கேள்வி. 2025இல் அந்த அளவு மாதம் 1,620 டாலராக இருந்தது. நம் அரசு தந்த அட்டை அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த அட்டைக்கு அடிப்படையாக இருந்த எக்ஸ்ரே, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைச் சான்றாகப் பார்ப்பார்கள். எனவே சேலம் அரசு மருத்துவமனையிலோ தனியாரிடமோ பெற்ற காகிதங்களைப் பரணில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இந்த உதவித்தொகை தருமம் அன்று, உங்கள் சம்பளத்தில் பிடித்த வரிக்கு ஈடாகக் கிடைக்கும் காப்பீடு. வரி பிடித்த சம்பளத்துக்கு ஏற்பக் கணக்கில் சேரும் புள்ளியைக் கிரெடிட் என்பார்கள்; ஓர் ஆண்டில் அதிகபட்சம் நான்கு கிரெடிட் சேரும். 2025இல் ஒரு கிரெடிட்டுக்கு 1,810 டாலர் சம்பாதித்தால் போதுமானதாக இருந்தது, அதாவது அந்த ஆண்டில் 7,240 டாலர் வந்தால் நான்கும் சேர்ந்துவிட்டன. பொதுவாகக் கடைசிப் பத்தாண்டில் 20 கிரெடிட் இருக்க வேண்டும். அதோடு வயதுக்கு ஏற்ப மொத்தக் கணக்கும் உண்டு. ஐம்பது வயதில் 28, ஐம்பத்தாறில் 34, அறுபதில் 38, அறுபத்திரண்டுக்கு மேல் 40. ஐம்பதில் வந்து இறங்குபவர் இடைவிடாமல் உழைத்தாலும் இந்தக் கணக்கை எட்ட ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆகும். சேலத்தில் பிடித்த பி.எஃப். ஆண்டுகளை இதில் சேர்க்க முடியாது, ஏனெனில் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. இந்தியாவுக்குக் கனடாவுடன் அத்தகைய ஒப்பந்தம் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது என்பதால், அங்குள்ள உறவினர் சொல்லும் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

என் அக்காவின் கணவர் நாற்பத்தொன்பதாவது வயதில் அமெரிக்கா வந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு மளிகைக் கடையில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை ஒரு பழுப்பு உறையில் ரொக்கம் தருவார்கள், அதன்மேல் பென்சிலால் தொகை மட்டும் எழுதியிருக்கும். வரி பிடிக்காததால் கையில் கூடுதலாக நிற்கிறது என்று மாமா மகிழ்ந்தார். ஐம்பத்தெட்டில் முதுகுத்தண்டு தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது அவருக்கு 36 கிரெடிட் தேவைப்பட்டது. பதிவில் இருந்தவை 28. அந்த உறைகளோடு போனவை எட்டு. விடுபட்ட ஊதியத்தைப் பொதுவாக அந்த ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதினைந்து நாளுக்குள்தான் திருத்த முடியும், அந்தக் கெடு எப்போதோ கடந்திருந்தது. வலியோடு கல்லாவில் உட்கார்ந்து பகுதி நேரமாக மேலும் மூன்று ஆண்டுகள் உழைத்து, அறுபத்தொன்றில்தான் தகுதி பெற்றார். ஆகையால் முதல் வாரச் சம்பளத்திலிருந்தே வரி பிடித்த சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கொருமுறை இணையத்தில் உங்கள் வருமானப் பதிவைத் திறந்து, முதலாளி ஆண்டுதோறும் தரும் ஊதிய வரிப் படிவமான டபிள்யூ-2 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வயது கூடியவருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு, அதைப் பலர் அறியாமலே விண்ணப்பிக்கிறார்கள். ஐம்பதுக்குக் கீழே உள்ளவரிடம் "வேறு எளிய வேலை பார்க்கலாமே" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஐம்பது நிறைந்தவர் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டுமே தகுதியானவர் என்று முடிவானால், பழைய தொழில் தேர்ச்சி வேறு வேலைக்கு உதவாத நிலையில், பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும். ஐம்பத்தைந்து நிறைந்துவிட்டால், அதைவிடச் சற்றுக் கடினமான இலகு வேலை வரை செய்ய முடிந்தவருக்கும் இதே முடிவு வரலாம். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் 10 பவுண்டுக்கு மேல் தூக்காதது. இலகு வேலை 20 பவுண்டு வரை. நடுத்தர வேலை 50 பவுண்டு வரை. ஐம்பது பவுண்டு என்பது நம் லீ பஜாரில் இறங்கும் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைவிடச் சற்றுக் குறைவு.

இதனால்தான் வேலை வரலாற்றுப் படிவம் முழு விண்ணப்பத்திலும் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். மாமா அதில் "கடை உதவியாளர்" என்று இரண்டே சொல்லில் எழுதினார். விண்ணப்பத்தைப் படித்த அதிகாரிகள் அதைக் கல்லாவில் நிற்கும் இலகு வேலையாக எடுத்துக்கொண்டு, அதை இன்னும் செய்யலாம் என்று மறுத்துவிட்டார்கள். உண்மையில் அவர் நாள்தோறும் 40 பவுண்டு அரிசிப் பைகளை வண்டியிலிருந்து இறக்கி, இடுப்புயர அடுக்கில் ஏற்றி, எட்டு மணி நேரத்தில் ஏழு மணி நேரம் நின்றவர். மேல்முறையீட்டில் எடையையும் மணியையும் எழுதிக்கொடுத்த பிறகுதான் வழக்கின் போக்கு மாறியது. 2024 ஜூன் முதல் கடைசி ஐந்தாண்டு வேலைகளை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள், முன்பு அது பதினைந்து ஆண்டுகளாக இருந்தது. படிப்பையும் உள்ளபடி சொல்லுங்கள். ஆங்கிலம் பேசத் தெரியாததைத் தனிக் காரணமாக ஏற்பது 2020இல் நின்றுவிட்டது; ஆனால் எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள் என்பது முடிவை மாற்றும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் மரியாதைக்காகப் பத்தாம் வகுப்பு என்று எழுதுவது தனக்கே தீங்கு. பள்ளி மாற்றுச் சான்றிதழை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் அறையில் நம்மவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதும் "பரவாயில்லை, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் வலியைத் தொடங்குவோம். அது நமக்குப் பணிவு. கோப்பிலோ நோயாளி நலமாக உள்ளார் என்று பதிவாகிவிடுகிறது. மாமாவின் கோப்பில் அந்த வரி ஐந்து இடங்களில் இருந்தது. எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எத்தனை படி ஏறியதும் நிற்க வேண்டியிருக்கிறது, இரவில் எத்தனை முறை வலியால் எழுகிறீர்கள் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். வீட்டில் தைலம் தேய்த்துச் சமாளித்த மாதங்கள் பதிவில் வெற்றிடமாகவே நிற்கும். அலுவலகமே தன் செலவில் ஒரு மருத்துவரிடம் அனுப்பினால் கட்டாயம் செல்ல வேண்டும், தக்க காரணமின்றித் தவறினால் அதற்காகவே மறுக்கலாம். மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாகத் தருவார்கள் என்பதால் பேரப்பிள்ளையை வைத்துப் பேச வேண்டியதில்லை.

உதவித்தொகை அனுமதியானாலும், இயலாமை தொடங்கிய பின் வரும் முதல் ஐந்து முழு மாதங்களுக்குப் பணம் இல்லை. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், உதவித்தொகை உரிமை தொடங்கி 24 மாதம் கழித்தே வரும், அதுவும் சேலத்தில் செய்யும் சிகிச்சைக்குப் பொதுவாகச் செல்லாது. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் சம்பளத்திலேயே பிடித்துச் சேர்க்கும் தற்காலிக இயலாமைத் தொகை இருக்கிறது. நியூ ஜெர்சியில் 26 வாரம் வரை கிடைக்கும். இடைக்காலத்தில் அதைக் கேளுங்கள். அறுபத்திரண்டு வந்துவிட்டது என்று முன்கூட்டிய ஓய்வூதியத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். 1960இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவருக்கு அது 30 விழுக்காடு குறையும், இயலாமை உதவித்தொகையில் அந்தக் குறைப்பு இல்லை. இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம்.

முதல் விண்ணப்பம் மறுக்கப்படுவது சாதாரணம். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடிதத் தேதிக்கு ஐந்து நாள் கழித்துக் கைக்கு வந்ததாக அவர்கள் கொள்வார்கள். முதலில் மறுபரிசீலனை, அதன்பின் நிர்வாக நீதிபதி முன் விசாரணை. வழக்கறிஞர் வைத்துக்கொண்டால், வழக்கமான ஒப்பந்தப்படி வென்றால் மட்டுமே நிலுவைத் தொகையில் 25 விழுக்காடு கட்டணம், அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு; 2025இல் அது 9,200 டாலராக இருந்தது. முன்பணம் கேட்பவரிடம் கையெழுத்திடும் முன் விசாரியுங்கள். கெடு தவறிப் புதிதாக விண்ணப்பித்தால் பழைய மாதங்களின் நிலுவை கைவிட்டுப் போகலாம். மாமா அந்தக் கடிதத்தைத் தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று சாமி அலமாரியில் வைத்திருந்தார். அக்கா அதைக் கண்டெடுத்தபோது கெடுவுக்கு நான்கு நாள்தான் பாக்கி.