ஜப்பான் 3டிஎஸ்ஸில் அமெரிக்க கேசட்: பூட்டைத் திறக்கும் முறை

என் கொழுந்தன் யோகோஹாமாவில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியபோது, தன்னுடைய நியூ நின்டெண்டோ 3டிஎஸ் எல்எல் என்ற கையடக்க கேம் மெஷினை என் பையனிடம் கொடுத்துவிட்டான். அதே மாதம் நியூ ஜெர்சியில் இருக்கும் என் கல்லூரித் தோழி, மகள் விளையாடி முடித்த இரண்டு கேம் கேசட்டுகளை அனுப்பி வைத்தாள். மெஷினும் அசல், கேசட்டும் அசல். இரண்டுக்கும் கடையில் முழு விலை கொடுத்திருக்கிறார்கள். செருகிப் பார்த்தோம். ஓடவில்லை.

"அண்ணி, அது ஜப்பான் மெஷின். ஜப்பான் கேசட்டைத்தான் எடுக்கும்" என்றான் கொழுந்தன், கிழக்கே சூரியன் உதிக்கும் என்று சொல்வதைப் போல.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவள். ஒரு பொருளை விற்றாகிவிட்டது என்றால் அது விற்றவருடைய சொத்துக் கணக்கில் இருக்கக் கூடாது என்பதுதான் என் புத்தி. விற்ற பிறகும் எந்த ஊர் கேசட்டை நீ ஓட்டலாம் என்று கம்பெனி எப்படிச் சொல்கிறது? கொஞ்சம் தோண்டியதும் இன்னும் எரிச்சல் வந்தது. அதே கம்பெனியின் கேம்பாய் அட்வான்ஸில் இந்த ஊர்ப் பூட்டு இல்லை. பழைய டிஎஸ்ஸிலும் இல்லை. 2017-இல் வந்த ஸ்விட்சிலும் இல்லை. நடுவில் 2011-இல் வந்த 3டிஎஸ்ஸிலோ ஜப்பான் தனி, அமெரிக்கா தனி, ஐரோப்பா தனி. ஆக இது தொழில்நுட்பக் கட்டாயம் இல்லை. சந்தையைக் கூறு போட்டு விற்கும் ஏற்பாடு. திருட்டைத் தடுக்கிற பூட்டும் இல்லை, ஏனென்றால் என் கையில் இருந்தது திருட்டு கேசட் இல்லை.

திறக்கலாமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் (1957) 2012 திருத்தத்தின்போது 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பதிப்புரிமையைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘எண்ணத்தோடு’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டம் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகத் திறப்பது இந்தப் பிரிவுக்குள் வராது என்று அடுத்த உட்பிரிவே சொல்கிறது. காசு கொடுத்து வாங்கிய கேசட்டை என் மெஷினில் ஓட்டுவது எந்த உரிமையை மீறுகிறது? நான் வக்கீல் இல்லை. ஆனால் பிரிவைப் படித்துப் பொருள் கொள்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது, இதில் எனக்குக் குழப்பம் இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1998 சட்டத்தின்படி, எண்ணம் எதுவாக இருந்தாலும் பூட்டைத் தொடுவதே தப்பு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை விலக்கு கேட்டு மனுப் போட வேண்டும். 2010-இல் செல்போனுக்குக் கிடைத்த விலக்கை 2012-இல் கேம் மெஷினுக்குக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். 2021-இல்தான் பழுதான டிஸ்க் டிரைவை மாற்றிக்கொள்ள மட்டும் வழி விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பிளேஸ்டேஷனுக்குள் சிப் வைத்துக் கொடுத்த ஸ்டீவன்ஸ் என்பவர் மீது சோனி போட்ட வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2005-இல் சோனி தோற்றது. மறு வருடம் சட்டத்தை இறுக்கினார்கள். அப்போதும், வெளிநாட்டில் வாங்கிய அசல் விளையாட்டை உள்ளூரில் ஓட விடாமல் தடுக்கும் ஊர்ப் பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று தனியாக எழுதி வைத்தார்கள். என் பிரச்சினை அட்சர சுத்தமாக அதுதான்.

அப்புறம் கடை. தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு சந்துக் கடைக்குப் போனேன். "மூவாயிரம் ஆகும்க்கா. அறுபது கேம் ஃப்ரீயா போட்டுத் தரேன்" என்றார் தம்பி. அந்த அறுபதுதான் வம்பே. அதுதான் 65ஏ சொல்லும் எண்ணம். இன்னொன்றும் இருக்கிறது. பிறருக்குப் பூட்டைத் திறக்க உதவுபவர், யாருக்கு உதவினாரோ அவருடைய பெயர், முகவரி, எதற்காகத் திறந்தது என்று எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. "ரிஜிஸ்டர் வச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன். சிரித்தார். மெஷினை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

முதலில் சார்ஜர். ஜப்பான் அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 100 வோல்ட் என்று இருக்கும். அதை நம் ஊர் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் பூட்டைத் திறக்க மெஷின் மிஞ்சாது. யுஎஸ்பி முனை கொண்ட 3டிஎஸ் வயர் மலிவாகக் கிடைக்கும், போன் சார்ஜரிலேயே போட்டுக்கொள்ளலாம். முழுசாக ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து பதிப்பு எண். ஜப்பான் மெஷினில் மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான், மாற்ற வழி கிடையாது. ஸ்பேனர் படம் போட்டதைத் தொட்டு உள்ளே போனால், மேல் திரையின் வலது கீழ் மூலையில் 11.17.0-50ஜே என்பது போல ஓர் எண் தெரியும். கடைசியில் இருக்கும் அந்த ஜே தான் பூட்டின் பெயர். அமெரிக்க மெஷினில் அங்கே யு, ஐரோப்பாவில் இ. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எந்த வழியில் திறப்பது என்பதை இதுதான் முடிவு செய்யும்.

இப்போது பின் மூடி. நியூ எல்எல்லில் மைக்ரோ எஸ்டி கார்டு பின் மூடிக்குள் பேட்டரி பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி ரிப்பேர்காரர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். இரண்டு திருகுகள். அவை கழன்று கையில் வராது, மூடியிலேயே தங்கும்படி செய்திருக்கிறார்கள். நான் இது தெரியாமல் விடாமல் திருகி ஒன்றின் தலையைக் கொஞ்சம் தேய்த்துவிட்டேன். லூசாகச் சுற்ற ஆரம்பித்தால் நிறுத்தி, நகத்தால் நெம்பினால் போதும். கார்டில் உள்ள எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் நகல் எடுங்கள். புதிதாகப் பெரிய கார்டு வாங்கினால் அதை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். 32 ஜிபிக்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் முறையில்தான் வரும், அதை இந்த மெஷின் படிக்காது.

திறக்கும் வழிகளில் எல்லா மாடலுக்கும் பொருந்துவது எம்செட்9 என்ற கம்ப்யூட்டர் நிரல். தன்னார்வலர்கள் எழுதிய படிப்படியான கையேடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள், நான் சொல்வது அதற்கு மாற்று இல்லை. கோப்புகளை எழுதியவர்களின் கிட்ஹப் (நிரல்களைப் பகிரும் இணையதளம்) பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இதற்குக் காசு கேட்பவர் எவரும் ஏமாற்றுகிறார்.

கார்டில் நின்டெண்டோ 3டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் 32 எழுத்தில் புரியாத பெயரோடு ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே மாதிரி இன்னொன்று இருக்கும். எம்செட்9 நிரல் அந்த உள் ஃபோல்டரின் பெயரை மாற்றித்தான் மெஷினை ஏமாற்றுகிறது. ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். எங்கள் கார்டில் இரண்டு இருந்தன. கொழுந்தன் எப்போதோ இதே கார்டை வேறொரு மெஷினில் போட்டிருக்கிறான். நிரல் அடம் பிடித்தது, ஒரு மாலை முழுக்க வீண். வேண்டாததை (நகல் எடுத்த பிறகு) கார்டிலிருந்து நீக்கியதும் வழிக்கு வந்தது.

பதற்றமான கட்டம் ஒன்று உண்டு. செட்டிங்ஸில் கூடுதல் தரவு மேலாண்மை என்ற இடத்துக்குப் போய் (கொழுந்தன் தோளுக்குப் பின்னால் நின்று படித்துச் சொன்னான்), மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டை உருவ வேண்டும். கம்ப்யூட்டரில் செருகி நிரலின் அடுத்த கட்டளையைக் கொடுத்துவிட்டு, திரும்ப மெஷினில் போட வேண்டும். இதற்கிடையில் திரையில் என்ன செய்தி வந்தாலும் ஒரு பொத்தானையும் அமுக்கக் கூடாது. பின் மூடியைத் திறந்தபடியே வைத்திருங்கள், திரைகள் கீழே பட்டு அழுந்தாமல் அடியில் மெத்தென்று ஒரு துண்டை மடித்து வையுங்கள். கார்டைப் போட்டதும் திரை மாறி, நிறுவும் நிரல் எழும். ஒரு பொத்தான் வரிசையைக் காட்டி அதை அப்படியே அடிக்கச் சொல்லும். தெரியாமல் கைபட்டு நடந்துவிடக் கூடாது என்பதற்காக.

நிறுவப்படுவது பூட்9ஸ்ட்ராப், மெஷின் ஆன் ஆகும்போதே எழும் நிரல். இது ஏன் வேலை செய்கிறது என்று படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். சிப்பில் தொழிற்சாலையிலேயே பொறித்த முதல் நிரல், உள்ளே வருவது கம்பெனியின் கையொப்பமிட்டதுதானா என்று சரிபார்க்கிறது. ஆனால் ஒப்பிட வேண்டிய எண் எங்கே இருக்கிறது என்பதை வருகிற ஆவணமே சொல்ல விட்டுவிட்டார்கள். ‘நீ இப்போது கணக்கிட்டாயே, அந்த இடத்திலேயே பார்’ என்று ஆவணம் கைகாட்டினால், மெஷின் தன் கூட்டுத்தொகையைத் தன்னோடே ஒப்பிட்டு டேலி ஆகிறது என்று கதவைத் திறந்துவிடுகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சிப் பையன் இதைச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 2016 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் இந்த ஓட்டையை மேடையிலேயே விளக்கினார்கள். சிப்பில் பொறித்தது என்பதால் விற்றுப்போன மெஷின்களில் இதை அடைக்க வழி இல்லை.

நிறுவி முடிந்ததும் லூமா என்ற நிரலின் நீலத் தேர்வுப் பட்டியல் வரும். ஸ்டார்ட் அமுக்கிச் சேமியுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் எம்செட்9 நிரலை மறுபடி ஓட்டி, அது மாற்றிய ஃபோல்டர் பெயரைப் பழையபடி ஆக்க வேண்டும். மறந்தால் பழைய சேமிப்புகள் எல்லாம் காணாமல் போனது போல இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

அன்றே செய்ய வேண்டியது பேக்கப். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டு மெஷினை ஆன் செய்தால் காட்மோட்9 என்ற கோப்பு மேலாண்மை நிரல் வரும். அதில் ஹோம் பொத்தான், ஸ்கிரிப்ட்கள், பேக்கப் என்று போனால் மெஷினின் உள் நினைவகம் முழுவதையும் கார்டில் நகல் எடுத்துக் கொடுக்கும். நியூ மாடலில் சுமார் 1.2 ஜிபி. அதோடு எசென்ஷியல் என்று தொடங்கும் சின்னக் கோப்பு ஒன்று, இந்த மெஷினுக்கே உரிய சாவிகள் அதில் இருக்கின்றன. இரண்டையும் இரண்டு இடத்தில் வையுங்கள். அடுத்தவர் மெஷினின் நகலை உங்களுடையதில் ஏற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பூட்டப்பட்டது, மெஷின் ‘பிரிக்’ ஆகிவிடும், அதாவது செங்கல் போல உயிரற்றுப் போகும். (3டிஎஸ் வந்த புதிதில், அனுமதியில்லாத மாற்றம் செய்தால் மெஷினையே செயலிழக்க வைப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். அதைக் கண்டித்து 2011-இல் அட்டைச் செங்கற்களையே கம்பெனிக்குத் தபாலில் அனுப்பினார்கள் அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காரர்கள்.)

கேசட்டைச் செருகுங்கள். லூமா ஊர்ச் சோதனையைத் தானே நீக்கிவிடும். எங்கள் இரண்டில் ஒன்று உடனே ஓடியது. இன்னொன்று மெஷினின் மொழியைப் பார்த்துக் குழம்பி நின்றுவிட்டது. அதற்கு: செலக்ட் அமுக்கிக்கொண்டு ஆன் செய்து, விளையாட்டுத் திருத்தம் என்ற தேர்வை இயக்குங்கள். கார்டில் லூமா ஃபோல்டருக்குள் டைட்டில்ஸ், அதற்குள் அந்த விளையாட்டின் 16 எழுத்து எண்ணில் ஒரு ஃபோல்டர், அதற்குள் லொகேல் என்ற பெயரில் ஒரு உரைக் கோப்பு. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் யுஎஸ்ஏ, ஓர் இடைவெளி, இஎன், அவ்வளவே. சரி, மெனுவும் ஆங்கிலத்தில் வேண்டும் என்றால் மெஷினின் ஊரையே மாற்ற வேண்டும். அது பெரிய வேலை, நான் கை வைக்கவில்லை. பையன் படங்களைப் பார்த்தே பழகிவிட்டான்.

கேசட்டுக்கும் ஒரு நகல் எடுத்தேன். காட்மோட்9-இலேயே வசதி இருக்கிறது. நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறைப்படி நிரலை வைத்திருப்பவர் அது தொலைந்தாலோ கெட்டாலோ பாதுகாப்புக்காக நகல் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 3டிஎஸ்ஸின் இணையக் கடையில் 2023 மார்ச்சிலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள், ஆன்லைன் விளையாட்டு 2024 ஏப்ரலில் நின்றது. இந்தக் கேசட் போனால் கம்பெனியிடம் புதிதாக வாங்க முடியாது.

பின் மூடியை மாட்டும்போது திருகுகளை விரல் பலத்துக்கு மேல் இறுக்காதீர்கள்.

போன வாரம் மாடி வீட்டுப் பையன் அவன் மாமா துபாயிலிருந்து கொண்டு வந்த 2டிஎஸ்ஸோடு வந்து நின்றான். "ஆன்ட்டி, எனக்கும் திறந்து தர்றீங்களா?" பழைய டைரி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். பெயர், முகவரி, தேதி, நோக்கம். நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். "எந்த கேசட்டை ஓட்டப் போறேன்னு எழுது. கேசட்டையும் எடுத்துட்டு வா, பார்க்கணும்" என்றேன்.