கழித்தால் வராத முகவரி: கெர்னலில் அடிக்கடி விடும் பிழைகள்

கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளும் சரி, பேராதனையிலோ மொறட்டுவையிலோ படித்துக்கொண்டு விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வரும் பிள்ளைகளும் சரி, இயங்குதளப் பாடத்தில் சந்தேகம் என்று என்னிடம் கொண்டுவரும் கோட் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கியிருக்கும். கையில் ஒரு மெய்நிகர் முகவரி (நிரல் பாவிக்கும் முகவரி) இருக்கிறது, அதற்குரிய பௌதிக முகவரி (ரேமில் உண்மையான இடம்) வேண்டும். கணக்கு என்று பார்த்தால் சாதாரண தரப் பிள்ளைக்கும் விளங்கும். எந்தக் கணக்கு எந்த முகவரிக்குச் செல்லும் என்று பார்க்காமல் போடுவதால்தான் வினை.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டெல், ஏஎம்டி செயலிகளின் எக்ஸ்86-64 இல் வழமையாக 48 பிட் முகவரி. கீழ் 12 பிட், 4096 பைட் கொண்ட பக்கத்துக்குள் எத்தனையாவது பைட் என்று காட்டும் ஓஃப்செட். மேலே உள்ள 36 பிட்டும் ஒன்பது ஒன்பதாகப் பிரிந்து நான்கு மட்டப் பக்க அட்டவணைகளுக்கு (எந்த மெய்நிகர் பக்கம் ரேமில் எங்கே என்று சொல்பவை) சுட்டெண்ணாகும். அட்டவணை ஒன்றில் 512 பதிவுகள், பதிவொன்று 8 பைட். இன்னொரு செயலி வகையான ரிஸ்க்-ஃபைவின் எஸ்வி39 முறையில் இதே கதைதான், மூன்று மட்டத்தோடு முடிந்துவிடும். மட்டம் மட்டமாக அட்டவணை பார்த்துப் போகும் இந்த நடையை நடப்பது வழக்கமாக வன்பொருளின் வேலை. வேறொரு புரோசஸின் நினைவகத்தைத் தொடும்போது, சாதனம் ஒன்றுக்கு பஃபர் (தரவு வைக்கும் நினைவக இடம்) கொடுக்கும்போது, இப்படிச் சில இடங்களில்தான் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தானே கணக்குப் பார்க்க வேண்டிவரும்.

எங்கே இருந்தாலும் கழிப்பது

லினக்ஸ் கெர்னல், 64 பிட் கணினியில் இருக்கும் ரேம் முழுவதையும் தன் முகவரி வெளியில் ஓரிடத்தில் வரிசை குலையாமல் பதிந்து வைத்திருக்கும். இதை நேர்ப்பதிவுப் பகுதி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதிக்குள் இருக்கும் முகவரியிலிருந்து பகுதியின் தொடக்கத்தைக் கழித்தால் பௌதிக முகவரி வந்துவிடும். கெர்னலின் விர்ட்_டு_ஃபிஸ் செயற்கூறு செய்வதும் கிட்டத்தட்ட அதைத்தான். கெர்னலுக்குள் நினைவகம் கேட்கும் கே-மலொக் தரும் நினைவகம் அங்கேயே இருப்பதால் சோதனை எல்லாம் அழகாகப் பாஸாகும்.

அப்புறம் பஃபர் பெரிதாகிறது, கே-மலொக் மறுக்கிறது, வி-மலொக்குக்கு மாறுகிறார்கள். கீழே இருக்கும் விர்ட்_டு_ஃபிஸ் வரியை யாரும் தொடுவதில்லை. வி-மலொக் தருவது வேறொரு பகுதி. அங்கே மெய்நிகர் முகவரிகள் மட்டும்தான் அடுத்தடுத்து வரும், பக்கங்கள் ரேமில் மூலைக்கொன்றாகக் கிடக்கும். கழித்தாலும் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும், அதுதான் ஆபத்து. பிழைச் செய்தி கிடையாது. அந்த எண்ணைச் சாதனத்துக்குக் கொடுத்தால், அது வேறு யாருடைய பக்கத்திலோ எழுதிவிட்டு வந்து நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் கெர்னல் விழும்.

மொடியூல் (கெர்னலோடு சேர்த்து ஏற்றும் நிரல்) எழுதிப் பழகுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மொடியூலுக்குள் நிலையாக அறிவித்த அரேயும் நேர்ப்பதிவுப் பகுதியில் இல்லை. கெர்னல் ஸ்டாக்கில் அறிவித்த பஃபரும் இப்போது அப்படித்தான். 2016 இல் வந்த லினக்ஸ் 4.9 இல், எக்ஸ்86-64 க்கு ஸ்டாக்கை வி-மலொக் பகுதியில் வைக்கும் வசதி சேர்ந்தது. ஸ்டாக்கில் உள்ள பஃபரைச் சாதனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதற்கு முன்பே இருந்த விதி. ஆனால் மீறினாலும் வேலை செய்ததால் பல யூஎஸ்பி ட்ரைவர்கள் மீறியே வந்தன. ஸ்டாக் இடம் மாறியதும் அவை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டன. அதனால் "இது இதுவரை ஓடுகிறதே அண்ணா" என்று யாராவது சொன்னால் நான் அதைச் சாட்சியாக எடுப்பதில்லை.

எனவே முதலில் முகவரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பாருங்கள். நேர்ப்பதிவுப் பகுதிக்கு விர்ட்_டு_ஃபிஸ். வி-மலொக் முகவரிக்கு வி-மலொக்_டு_பேஜ், அதுவும் பக்கம் பக்கமாக. பயனர் நிரலின் முகவரி என்றால் பின்_யூசர்_பேஜஸ். பழகும் காலத்தில் கெர்னலைக் கொன்ஃபிக்_டிபக்_விர்ச்சுவல் என்ற தெரிவைப் போட்டு பில்ட் செய்துகொள்ளுங்கள். பகுதி தவறிய முகவரியைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே கத்தும்.

பதிவைப் பிரிக்கத் தெரியாமல் பிரிப்பது

எக்ஸ்86 பற்றி வாசித்துவிட்டு, படிப்புக்கென்றே எழுதிய சிறு இயங்குதளமான எக்ஸ்வி6 இன் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பில் இறங்குபவர்கள் அநேகமாக எல்லோரும் இதில் விழுவார்கள். ஓர் உதாரணம் போட்டே பார்ப்போம், எண்கள் எல்லாம் ஹெக்ஸில். மெய்நிகர் முகவரி 5234. ஓஃப்செட் 234, பக்க எண் 5. மேல் இரண்டு மட்டங்களிலும் சுட்டெண் 0, கடைசி மட்டத்தில் 5. அந்த இடத்தில் இருக்கும் பதிவு 21004817 என்று வைத்துக்கொள்வோம்.

எக்ஸ்86 பழக்கத்தில் கீழ் 12 பிட்டை அழித்தால் 21004000 வரும். பார்க்க நல்ல முகவரி மாதிரித்தான் இருக்கும், ஆனால் பிழை. ரிஸ்க்-ஃபைவில் கொடிகளுக்குரிய (பக்கத்தின் அனுமதி முதலியவற்றைச் சொல்லும் பிட்டுகள்) இடம் கீழ் 10 பிட் மட்டுமே, அதற்கு மேலே பௌதிகப் பக்க எண் தொடங்கிவிடும். ஆகவே பதிவை 10 பிட் வலப்பக்கம் தள்ள வேண்டும்: 84012. பிறகு 12 பிட் இடப்பக்கம்: 84012000. ஓஃப்செட்டைச் சேர்த்தால் 84012234. கீழே மிஞ்சிய 17 தான் கொடிகள்: செல்லுபடியானது, வாசிக்கலாம், எழுதலாம், பயனருக்குரியது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கணினியைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருள் தரும் விர்ட் கணினியில் ரேம் தொடங்குவதே ஹெக்ஸ் 80000000 இல். அதற்குக் கீழே ஒரு விடை வந்தால் அது ரேம் இல்லை, மேற்கொண்டு யோசிக்கவே தேவையில்லை. பிழையான முகவரியை எக்ஸ்வி6 கெர்னல் தொட்டால், அதன் அட்டவணையில் அப்படி ஒரு பக்கம் இல்லாததால் கெர்னல்ட்ராப் என்று பானிக் ஆகி நின்றுவிடும். இங்கே உடனே விழுவது உங்கள் அதிர்ஷ்டம்.

எக்ஸ்86 பக்கத்துக்கும் அதற்கென்று ஒரு பொறி உண்டு. பதிவின் 63 ஆவது பிட், இந்தப் பக்கத்தில் நிரலை ஓட்டக்கூடாது என்று சொல்லும் கொடி. கீழ்ப் பிட்டுகளை மட்டும் அழித்துவிட்டு இதை விட்டால் முகவரி எட்டாத உயரத்துக்குப் போய்விடும். முகவரிக்குரியவை 12 முதல் 51 வரையான பிட்டுகள் மட்டுமே.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பதிவில் இருப்பது அடுத்த அட்டவணையின் பௌதிக முகவரி. அதை அப்படியே பொயின்டராக்கி வாசிக்க முடியாது. எக்ஸ்வி6 இல் முடிகிறதே என்றால், அந்தக் கெர்னல் ரேமைத் தன் அட்டவணையில் அதே எண்களிலேயே பதிந்திருப்பதால்தான். அந்தப் பழக்கத்தோடு லினக்ஸுக்குப் போனால் முதல் படியிலேயே கால் இடறும்.

எக்ஸ்வி6 இல் பயனர் முகவரியை மாற்றித் தரும் வோக்அட்ர் செயற்கூறு, பக்கத்தின் தொடக்கத்தை மட்டுமே திருப்பித் தரும். ஓஃப்செட்டை நாம்தான் சேர்க்க வேண்டும். நகலெடுக்கும் அளவு பக்க எல்லையைத் தாண்டினால் அடுத்த பக்கத்துக்கு மறுபடி கேட்க வேண்டும். கொப்பிஅவுட் செயற்கூறை ஒருமுறை வரிவரியாக வாசியுங்கள், இரண்டும் அதில் இருக்கின்றன.

பெரிய பக்கங்களை மறப்பது

எல்லா நடையும் கடைசி மட்டம் வரை போவதில்லை. எக்ஸ்86-64 இல் மூன்றாம் மட்டத்திலேயே 2 எம்பி பக்கமாகவோ, இரண்டாம் மட்டத்திலேயே 1 ஜிபி பக்கமாகவோ முடிந்துவிடலாம், பதிவின் 7 ஆவது பிட் அதைச் சொல்லும். 2 எம்பி பக்கத்தில் ஓஃப்செட் 21 பிட். ரிஸ்க்-ஃபைவில் வாசி, எழுது, ஓட்டு கொடிகளில் ஒன்றாவது இருந்தால் நடை அங்கேயே முடிவு. லினக்ஸ் தன் நேர்ப்பதிவுப் பகுதிக்குப் பெரிய பக்கங்களையே பெரும்பாலும் பாவிப்பதால், கையால் எழுதிய நடை பயனர் முகவரிகளில் ஓடி, கெர்னல் முகவரியில் குப்பை தரும்.

பழைய விடையை நம்புவது

செயலி, கண்டுபிடித்த விடையை டி.எல்.பி. என்ற தன் சிறு நினைவில் வைத்துக்கொள்ளும். உவர்மலையில் ஒரு வீட்டுக்கு நாலு தரம் பார்சல் கொண்டுபோன ஓட்டோக்காரர் ஐந்தாம் தரம் விலாசத்துண்டைப் பார்க்கமாட்டார். ஆட்கள் பாலையூற்றுக்கு மாறிப்போயிருந்தாலும் பழைய கேற்றில் நின்றுதான் ஹோர்ன் அடிப்பார். அட்டவணையில் பதிவை மாற்றினால் மட்டும் போதாது, பழையதை மறக்கச் சொல்லவும் வேண்டும்: எக்ஸ்86 இல் இன்வெல்பிஜி கட்டளை, ரிஸ்க்-ஃபைவில் எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ கட்டளை. இரண்டும் அந்த ஒரு கோரில் மட்டுமே வேலை செய்யும். மற்றக் கோர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டும். ஒரு கோரில் சோதித்துவிட்டுச் சரி என்று ஒப்படைக்கும் அசைன்மென்டுகள் இதில்தான் விழுகின்றன.

நீங்கள் எழுதி வைத்த விடையும் பழசாகலாம். பயனர் பக்கத்தின் பௌதிக முகவரியை எடுத்து மாறியில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் கெர்னல் அந்தப் பக்கத்தை வட்டில் உள்ள ஸ்வாப்புக்கு அனுப்பியிருக்கலாம், இடம் மாற்றியிருக்கலாம். பின்_யூசர்_பேஜஸ் பக்கத்தைப் பிடித்து வைப்பது இதற்காகத்தான். வேலை முடிந்ததும் விடுவிக்கவும் வேண்டும்.

சாதனத்துக்குப் பௌதிக முகவரியைக் கொடுப்பது

சரியாகக் கண்டுபிடித்த பௌதிக முகவரியையும் சாதனத்துக்கு நேரே கொடுக்காதீர்கள். இடையில், சாதனங்களுக்கென்று முகவரி மாற்றும் வன்பொருளான ஐ.ஓ.எம்.எம்.யூ. இருந்தால் சாதனம் பார்ப்பது மூன்றாவது வகை முகவரி. கெர்னலின் டி.எம்.ஏ_மாப்_சிங்கிள் செயற்கூறு தரும் விடையையே கொடுங்கள். ஐ.ஓ.எம்.எம்.யூ. இல்லாத மடிக்கணினியில் இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது பலரைக் கெடுத்து வைத்திருக்கிறது.

"பூச்சியம் வருதே அண்ணா"

கெர்னலைத் தொடாமல், ப்ரொக் கோப்பு முறையில் உள்ள பேஜ்மாப்பை (புரோசஸின் ஒவ்வொரு பக்கமும் எங்கே என்று காட்டும் கோப்பு) வாசித்துப் பௌதிக முகவரி பார்க்க முயல்பவர்களின் கேள்வி இது. முதல் காரணம் அனுமதி. லினக்ஸ் 4.2 முதல், நிர்வாக உரிமை இல்லாதவருக்குப் பக்க எண் பூச்சியமாகவே காட்டப்படும். ரேமின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பக்கத்துப் பிட்டுகளைப் புரட்டும் ரோஹாமர் தாக்குதலுக்குப் பௌதிக முகவரி உதவும் என்பதால் மூடிவிட்டார்கள். சூடோ போட்டு ஓட்டுங்கள்.

அதன் பிறகும் பூச்சியம் என்றால் கோப்பில் சரியான இடத்தில்தான் வாசிக்கிறீர்களா என்று பாருங்கள். முகவரியை 4096 ஆல் வகுத்து, மீதியை விட்டு, 8 ஆல் பெருக்கிய இடம் அது. அங்கும் பிழை இல்லையென்றால் 63 ஆவது பிட்டைப் பாருங்கள். அது 0 என்றால் பக்கம் இன்னும் ரேமிலேயே இல்லை. பெரிய மலொக் கேட்டதும் கெர்னல் முகவரியைத்தான் தருகிறது, பக்கத்தை முதல் தொடுகையில்தான் தரும். அந்த பஃபரில் ஒரு பைட் எழுதிவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள்.