பவளப்பாறை மீன் பாக்கப் போறீங்களா, கலரை மட்டும் நம்பிடாதீங்க

ராமநாதபுரம் மாவட்டத்துல பிரப்பன்வலசை பக்கம் ஸ்நார்கெலிங் (மாஸ்க் மாட்டி மெதந்துகிட்டே கடலுக்குள்ள பாக்குறது) போயிட்டு வந்து "அஞ்சாறு வகை கிளிமீன் பாத்தோம்"னு ஃபோட்டோ போடுறவங்க இப்ப நெறைய பேரு. சந்தோஷம்தான், ஆனா அதுல பாதி ஒரே வகையா இருக்கவும் வாய்ப்பு இருக்கு. கிளிமீன் சின்னதுல பெரும்பாலும் பழுப்பு, சாம்பல்னு டல்லா இருக்கும், வளந்தப்புறம் சில பொட்டை மீனுங்க ஆணா மாறி பச்சையும் நீலமுமா மின்னும், இதுல ஏமாந்து அந்தக் காலத்துல விஞ்ஞானிங்களே ஒரே மீனுக்கு ரெண்டு பேரு வச்சிருக்காங்க. அதனால கலரை விட்டுட்டு வாயப் பாருங்க. பல்லெல்லாம் ஒட்டி அலகு மாதிரி இருக்கும், நெஞ்சுப் பக்கத்துத் துடுப்ப அடிச்சு அடிச்சுத்தான் நீந்தும், கொஞ்சம் ஆடாம மெதந்தீங்கன்னா பாறையக் கறண்டுற சத்தமே கேக்கும்.

அப்புறம் நீலத்துல கறுப்புக் கோடு போட்ட அந்தக் குட்டி கிளீனர் மீன். பெரிய களவா மீன் கூட வாயத் தொறந்து காட்டிட்டு நிக்கும், இது உள்ள பூந்து ஒட்டுண்ணியப் பொறுக்கும். அச்சு அசல் அதே வேஷத்துல இன்னொண்ணு இருக்கு, அது கிட்ட வந்து துடுப்பக் கடிச்சுட்டு ஓடிரும், பக்கா ஃபிராடு! மூக்கு நுனியில வாய் இருந்தா நல்லவன், மூஞ்சிக்கு அடியில இருந்தா மத்தவன்.

வண்ணாத்தி மீன்ல சிலதுக்கு வால் பக்கம் கண்ணு மாதிரி பொட்டு இருக்கும், நெசக் கண்ணு கறுப்புப் பட்டையில மறைஞ்சிரும், அவசரத்துல வாலை ஃபோக்கஸ் பண்ணிடாதீங்க. மாஸ்க் வழியா பாக்குறப்ப எல்லாமே மூணுல ஒரு பங்கு பெருசாத் தெரியும், கரைக்கு வந்து சைஸ் சொல்றப்ப கொஞ்சம் கொறச்சுச் சொல்லுங்க.

அஞ்சாளைன்னு பாம்பு மாதிரி நீளமா ஒரு மீன் (மோரே ஈல்) இருக்கு, அது வாயத் தொறந்து தொறந்து மூடுறது மூச்சு வாங்கத்தான், மெரட்டுறதுக்கு இல்ல, அதுக்காகப் பொந்துக்குள்ள கைய விட்டுராதீங்க, கடிச்சா சதை கிழிஞ்சிரும்.

வாடைக்காத்து நேரத்துல வடகடல், அதான் பிரப்பன்வலசை இருக்குற பாக் நீரிணைப் பக்கம், கலங்கிக் கெடக்கும், அப்பப் போயிட்டு மீனே இல்லன்னு சொல்றதுல அர்த்தமில்ல.

கடைசியா ஓரா மீன் (ராபிட் ஃபிஷ்). பாசி மேயுற சாது தானேன்னு கையில புடிக்கிறாங்க. அதோட துடுப்பு முள்ளுல விஷம் இருக்கு, குத்துனா உயிர் போகாது ஆனா அப்படியொரு கடுப்பு, கீழக்கரை பக்கம் கூடு வச்சு மீன் புடிக்கிறவங்களக் கேட்டா சொல்வாங்க. குத்திருச்சுன்னா தோல் வேகாத அளவு சுடுதண்ணியில வலி கொறையுற வரைக்கும் கைய முக்கி வைங்க, முள்ளு உள்ள ஒடஞ்சிருந்தா டாக்டர்கிட்ட போயிருங்க.