டிசம்பர்ல பனியில குதிரை ஏறப் போறீங்களா, பூட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

சிங்கப்பூருக்கு வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்க முதல் டிசம்பர் லீவுக்கே ஜப்பானோட வடக்குல இருக்குற ஹொக்கைடோ தீவுக்குக் கிளம்பிடுறாங்க, பனியில குதிரை சவாரியும் சேர்த்து புக் பண்ணிடுறாங்க. நல்லா போயிட்டு வாங்க. விசா, டிக்கெட் எல்லாம் நீங்களே பாத்துப்பீங்க, இன்சூரன்ஸ்ல குதிரை சவாரி கவர் ஆகுதான்னு மட்டும் கேட்டுக்குங்க. எனக்குச் சொல்ல வேண்டியது பூட்ஸ் விஷயம்.

என் ஃப்ரெண்டு ஒருத்தர், ஈரோட்டுக்காரர், இங்க ஒரு கடையில மைனஸ் 20 தாங்கும்னு சொன்னாங்கன்னு நல்ல காசு போட்டு மொத்தமான ஸ்னோ பூட்ஸ் வாங்கினார். எவ்வளவு குளிர்ற ஊருன்னு கேட்ட கடைக்காரர், அங்க போய் என்ன செய்யப் போறீங்கன்னு கேக்கவே இல்ல. குதிரை லாயத்துல போய்ப் பாத்தா பூட்ஸ் ஸ்டிரப்புக்குள்ள, அதான் கால் வைக்கிற வளையத்துக்குள்ள, இறுகிப் பிடிச்சுக்கிச்சு. ஏத்த முடியாதுன்னுட்டாங்க, கட்டின பணமும் போச்சு, அவர் பொண்ணு மட்டும் சவாரி போனா, மனுஷன் வேலி ஓரமா நின்னு ஃபோட்டோ எடுத்தார். அந்தக் கடைக்காரர் மேல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல.

லாயத்துக்காரங்க செஞ்சது சரிதான். விழுந்தா கால் உடனே கழண்டு வரணும், மாட்டிக்கிச்சுன்னா குதிரை மிரண்டு ஓடுறப்ப ஆளையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். அதனால சின்ன ஹீல் இருக்கணும், அடிப்பாகம் ஆழமான பள்ளம் பள்ளமா இருக்கக் கூடாது, ஸ்டிரப்புக்குள்ள ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு நிக்கணும். குளிருதேன்னு ரெண்டு மூணு சாக்ஸ் திணிக்காதீங்க, இறுக்கினா ரத்தம் ஓடாது, விரல் இன்னும் சீக்கிரம் மரத்துடும். கம்பளி சாக்ஸ் ஒண்ணு போதும், உள்ள விரல ஆட்ட முடியணும். அப்படியும் மரத்துச்சுன்னா கூட வர்ற கைடுகிட்ட சொல்லி இறங்கி குதிரை பக்கத்துலயே கொஞ்ச தூரம் நடங்க, சூடு வந்துடும்.

ஊட்டியில மங்கி கேப், மஃப்ளரோட ஏரிக்கரையில குதிரை ஏறின பழக்கம் நமக்கு (அந்தக் குளிரும் சுட்ட சோளமும் இங்க எங்க கிடைக்குது, அத விடுங்க). அந்தக் கேப்பும் மஃப்ளரும் பனி சவாரிக்கு ஆகாது. மொத்தமான கேப்புக்கு மேல ஹெல்மெட் சரியா உக்காராது, தொங்குற மஃப்ளர் எங்கயாவது மாட்டும். மெல்லிசு தொப்பியும் கழுத்த ஒட்டின நெக் வார்மரும் வாங்கிக்குங்க. காட்டன் பனியன், ஜீன்ஸ் ரெண்டும் வேணாம், சவாரியில வேர்க்கும், காட்டன் அந்த ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும், அப்புறம் காத்து அடிச்சா உடம்பே நடுங்கிடும். சிங்கப்பூர்ல குதிரை ஏறக் கத்துக்கிட்டவங்களுக்கும் இது தெரியாது, 30 டிகிரியில யாரு குளிரப் பத்தி சொல்லித் தரப்போறா. உள்ள கம்பளி இல்லன்னா பாலியெஸ்டர் தெர்மல், மேல ஃபிளீஸ், அதான் மெத்துன்னு ஸ்வெட்டர் மாதிரி இருக்குமே அது, அதுக்கு மேல காத்து புகாத ஜாக்கெட், இடுப்பளவுக்கு இருந்தா போதும், நீளமா இருந்தா சேணத்துல உக்காரும்போது அடியில மாட்டிக்கும். கிளவுஸ் கடிவாள வாரப் பிடிச்சா கைக்குத் தெரியுற அளவு மெல்லிசா இருக்கணும், ஸ்கீயிங் கிளவுஸ் சரிப்படாது.

பூட்ஸுக்குக் காசு குடுக்குறதுக்கு முன்னாடி லாயத்துக்கு ஒரு மெயில் போட்டு ஸ்டிரப் அகலம் என்ன, பூட்ஸ் வாடகைக்கு உண்டான்னு கேட்டுடுங்க. அவங்களே தர்றாங்கன்னா உங்க சைஸ சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்க.