மானிட்டரில் ஒட்டிய காகிதங்களைத் திரைக்குள் கொண்டுவருவது எப்படி?

சித்தப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு ஒரு சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். கேள்விக்குறியை அழுத்தினால் குறுக்குவிசைகள் எல்லாம் வரும்படி ஒரு உதவிப் பக்கம் வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் மானிட்டர் விளிம்பில் மூன்று துண்டுக் காகிதங்கள்: ‘வெளியே வர க்யூ’, ‘தேட சாய்கோடு’, ‘சேமிக்க மறக்காதே’. கணக்கு எழுதும் அக்காவிடம் கேள்விக்குறியைப் பற்றிக் கேட்டேன். “அப்படி ஒண்ணு இருக்குன்னு யாரு தம்பி சொன்னா?” என்றார்.

நியாயம்தானே. அதனால் முதல் வேலை, அந்தக் காகிதங்களைப் படிப்பது. மக்கள் எதை எழுதி ஒட்டுகிறார்களோ அதுதான் திரையின் கடைசி வரியில் இருக்க வேண்டும்.

இந்த வரிக்கு நல்ல முன்மாதிரி, எழுத்துத் திரையிலேயே கோப்புகளைத் திருத்த உதவும் நானோ எடிட்டர். அடியில் இரண்டு வரி எப்போதும் நிற்கும். ஆனால் அதில் கன்ட்ரோல் விசையைக் கூரை போன்ற ஒரு குறியால் காட்டுவார்கள். நான் புதிதாகப் பழகியபோது ஷிஃப்ட்டோடு 6-ஐ அழுத்தி, கோப்பு முழுக்கக் கூரைகளாக நிரப்பியிருக்கிறேன். விசையின் பெயரை விசைப்பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். 80 எழுத்து அகலத்தில் நான்கைந்துக்கு மேல் வைக்காதீர்கள். இடத்துக்கு ஏற்ப வரியும் மாற வேண்டும்: தேடும் பெட்டிக்குள் இருக்கும்போது ‘எண்டர்: தேடு, எஸ்கேப்: வேண்டாம்’ போதும். அங்கே வேலை செய்யாத விசையைக் காட்டுவது ஒன்றும் காட்டாததைவிட மோசம்.

எச்டாப், மிட்நைட் கமாண்டர் என்ற எழுத்துத்திரை மென்பொருள்களைப் போல எஃப்1 முதல் எஃப்10 வரை வரிசையாக அடுக்கலாமே என்று தோன்றும். சில டெர்மினல்கள் (இப்படிப்பட்ட மென்பொருள் ஓடும் எழுத்துச் சாளரங்கள்) எஃப்1, எஃப்10 இரண்டையும் தாங்களே எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் அதே விசைகள் சத்தத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும். நான் தொடுவதில்லை.

இரண்டு விசை சேர்ந்த கட்டளைகளுக்குப் பழைய வேர்ட்ஸ்டாரில் ஒரு அழகான வழி இருந்தது. 1978-இல் வந்த, ஆவணங்கள் தட்டெழுதும் மென்பொருள் அது. கன்ட்ரோல்+கே அழுத்திவிட்டுத் தயங்கினால் அடுத்து அழுத்த வேண்டியவற்றின் பட்டியல் விரியும். கை பழகியவர் சட்டென்று அடுத்த எழுத்தைத் தட்டிவிடுவார், பட்டியல் தலைகாட்டாது. ஈமாக்ஸ் எடிட்டரில் விச்-கீ என்ற துணைநிரல் செய்வதும் இதைத்தான், ஒரு நொடி பொறுத்துப் பார்த்து. எழுத்துத் திரையைக் கையாள உதவும் பைத்தானின் கர்சஸ் நூலகத்தில், விசைக்காகக் காத்திருக்கும் நேரமான டைம்அவுட்டை 800 மில்லிநொடி என்று வைத்தால், அதற்குள் விசை வராதபோது -1 திரும்பும். பட்டியலை வரைய அதுதான் நேரம். முதலில் 300 வைத்திருந்தேன். அக்காவுக்குத் திரை மின்னிக்கொண்டே இருந்தது. அப்புறம், எஸ்கேப் விசைக்கு, கர்சஸுக்கு அடியில் இயங்கும் என்கர்சஸ் தானாகவே ஒரு நொடி காத்திருக்கும். வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார்கள். அந்தக் காத்திருப்பை 25 மில்லிநொடிக்குக் குறைத்துவிடுங்கள்.

தவறான விசைக்குப் ‘பீப்’ என்று கத்தாமல் பதில் சொல்ல வேண்டும். விம் எடிட்டரில் கன்ட்ரோல்+சி அழுத்திப் பாருங்கள், வெளியேறும் வழியைக் கீழே எழுதிக் காட்டும்.

என்னை நன்றாகச் சுற்றவிட்டது வேறொரு விஷயம். சரக்கின் பெயர்களை அக்கா தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் தட்டுவார். தட்டி முடித்து, விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றாமல் க்யூவை அழுத்துவார். அந்த விசையில் தமிழ்99-இல் இருப்பது ‘ஆ’. என் நிரலுக்கு ‘ஆ’ தெரியாது, அதனால் பேசாமல் நின்றது. மெஷின் தொங்கிவிட்டது என்று கடைப்பையன் கரன்ட்டையே நிறுத்தியிருக்கிறான்! இப்போது ‘ஆ’ வந்தாலும் வெளியேறும். வேறு தமிழ் எழுத்து ஏதாவது வந்தால் ‘விசைப்பலகை தமிழில் இருக்கிறது’ என்று கடைசி வரி சொல்லும். தமிழில் மென்பொருள் எழுதுகிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

நிரலுக்குள் விசை, பெயர், செயல் மூன்றையும் ஒரே பட்டியலில் வையுங்கள். கடைசி வரியும் உதவிப் பக்கமும் அதிலிருந்தே வரட்டும். தனித்தனியாக எழுதினால் ஒன்றை மாற்றி மற்றதை மறப்பீர்கள். நான் மறந்தேன்.

சரி, எல்லாம் முடிந்ததும் புதிதாக ஒருவரை உட்காரவைத்து, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நில்லுங்கள். வாயைத் திறக்கக் கூடாது, இதுதான் கஷ்டம். அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் இரண்டு காகிதங்கள் போய்விட்டன. ‘சேமிக்க மறக்காதே’ மட்டும் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதற்கு எந்தக் குறுக்குவிசையும் உதவாது. நிரலே தானாகச் சேமிக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வேலைதான்.