முதல் சொகுசு செடான்: வாங்கும் முன்பும் முதல் ஆண்டிலும் செய்ய வேண்டியவை

பத்து வயதான ஒரு மெர்சிடிஸ் எஸ்-கிளாஸோ பிஎம்டபிள்யூ 7 சீரிஸோ பல சமயம் புதிய சின்னக் கார் ஒன்றின் விலைக்கே கிடைத்துவிடும். அந்த விலையைப் பார்த்துத்தான் பலரும் மயங்குகிறார்கள். வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் ஏர் சஸ்பென்ஷன் (காற்றால் வண்டியைத் தாங்கும் அமைப்பு), எட்டு கியர் ஆட்டோமேட்டிக், ஒவ்வொரு பகுதியையும் இயக்கும் மின்னணுப் பெட்டிகள் ஆகியவற்றின் விலை அதோடு சேர்ந்து இறங்குவதில்லை. பழைய வண்டிக்கும் புது வண்டியின் உதிரிபாக விலைதான் கொடுக்க வேண்டும்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. நான் இதுவரை இரண்டு சொகுசு செடான்கள் வைத்திருக்கிறேன். முதல் வண்டியில் செய்த தவறுகளை இரண்டாவதில் செய்யவில்லை. இரண்டாவது வண்டிக்கு ஆன செலவு முதல் வண்டிக்கு ஆனதில் பாதிகூட இல்லை. இந்த வண்டிகள் திடீரென்று கெட்டுப்போவது குறைவு. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அறிகுறி காட்டிவிட்டுத்தான் கெடும். அந்த அறிகுறிகளை நேரத்தில் பிடிப்பது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: பணம் கொடுப்பதற்கு முன்

புது வண்டி வாங்குபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். பழைய வண்டி என்றால் மூன்று விஷயங்கள்.

முதலாவது, முழு சர்வீஸ் வரலாறு. எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், என்ன மாற்றினார்கள் என்ற ரசீதுகள் வேண்டும். ரசீது இல்லாமல் ‘எல்லாம் செய்திருக்கிறது’ என்று சொன்னால், எதுவும் செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இரண்டாவது, அந்த பிராண்டை மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் பரிசோதனை. வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்க வேண்டும். ஓபிடி ஸ்கேனரை மாட்டி, என்ஜின் மட்டுமல்ல, கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக், சஸ்பென்ஷன் என எல்லாப் பகுதிகளிலும் பதிவாகியிருக்கும் பிழைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பிழைகளை அப்போதுதான் அழித்துவிட்டு வண்டியைக் காட்டியிருந்தால், அனுபவமுள்ளவர் அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவது, பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். ஒரு கதவில் மட்டும் 300, 400 என்று காட்டினால் அந்தக் கதவுக்கு ஒரு கதை இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 2: முதல் மாதத்தில் எண்ணெய்கள், திரவங்கள்

முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாது. அதனால் சர்வீஸ் விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்க்காமல், எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் புதுக்கணக்கு தொடங்குவதே என் வழக்கம். முதல் வண்டியில் இதைச் செய்யாமல் விட்டதுதான் எனக்கு அதிகம் செலவு வைத்தது.

என்ஜின் ஆயிலில் 5டபிள்யூ-30 என்று கேன்மேல் போட்டிருக்கும் பிசுபிசுப்பு அளவை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண் வேண்டும். பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-01 அல்லது லாங்லைஃப்-04, மெர்சிடிஸுக்கு 229.5 அல்லது 229.51, ஆடிக்கு 504 00 என்பதுபோல. உங்கள் என்ஜினுக்கு எது என்பது கையேட்டில் இருக்கும். கையேட்டில் 15,000 கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓட்டலாம் என்று போட்டிருந்தாலும், டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) உள்ள என்ஜினாக இருந்தால் நான் 10,000 கிலோமீட்டருக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மாற்றிவிடுவேன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதற்கும் உராய்வுக்கும் நடுவே இருப்பது ஆயில் படலம் மட்டுமே.

இன்னொன்று: பல புதிய பிஎம்டபிள்யூ என்ஜின்களில் ஆயில் அளக்கும் குச்சியே கிடையாது. திரையில்தான் அளவு காட்டும், அதுவும் என்ஜின் சூடான பிறகு. அந்த மெனு எங்கே இருக்கிறது என்பதை வாங்கிய அன்றே கண்டுபிடித்து வையுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு டன் எடையுள்ள வண்டியை மலைச்சரிவில் திரும்பத் திரும்ப பிரேக் பிடித்து இறக்கும்போது இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை நிறத்தைப் பார்த்து வாங்கும் பழக்கம் ஆபத்தானது. நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என்பதெல்லாம் வெறும் சாயம்தான். உள்ளே இருக்கும் ரசாயனம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தவறான இரண்டு வகைகளைக் கலந்தால் களிபோலத் திரண்டு ரேடியேட்டரை அடைக்கலாம். கையேட்டில் சொன்ன வகையை, குழாய்த் தண்ணீரில் அல்ல, உப்பு நீக்கிய தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல நிறுவனங்கள் இதை ‘ஆயுள் முழுவதற்கும் போதும்’ என்று எழுதிவிடுகின்றன. 2009-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் அறிமுகமாகி, ஆடி, ஜாகுவார் என்று பலரும் பயன்படுத்தும் எட்டு வேக கியர்பாக்ஸைத் தயாரிப்பது இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனம். அந்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கார் விற்பவர் சொல்வதையா, கியர்பாக்ஸைச் செய்தவர் சொல்வதையா கேட்பது என்றால் நான் செய்தவர் பக்கம்தான். அந்த கியர்பாக்ஸில் ஆயில் தொட்டியும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக இருப்பதால், மாற்றும்போது தொட்டியையே மாற்ற வேண்டும். ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அளவு சரிபார்க்க வேண்டும். இது தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள்.

படி 3: வாரம் ஒருமுறை பத்து நிமிடம்

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் செய்யுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டி உண்மையைச் சொல்லும்.

முதலில் தள்ளி நின்று பாருங்கள். நான்கு மூலைகளிலும் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா? பிறகு வண்டி நின்ற தரையைப் பாருங்கள். ஏசி தண்ணீர் சொட்டியிருந்தால் பரவாயில்லை. பழுப்பாகவோ சிவப்பாகவோ பிசுபிசுப்பாக இருந்தால் படம் எடுத்து வையுங்கள். பானெட்டைத் திறந்து கூலன்ட் அளவு பாருங்கள். போன வாரத்தைவிடக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். கடைசியாக ஸ்டார்ட் செய்து, ரேடியோ இல்லாமல் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள்.

படி 4: ஏர் சஸ்பென்ஷன்

சொகுசு செடானின் மிதக்கும் ஓட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மெர்சிடிஸ் 1998-ல் எஸ்-கிளாஸில் ஏர்மேட்டிக் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் பையில் அடைத்த காற்று வண்டியைத் தாங்கும். ஒரு சின்ன கம்ப்ரஸர் தேவைப்படும்போது மட்டும் ஓடி, குறைந்த காற்றை நிரப்பும்.

ரப்பர் வயதாகி மடிப்புகளில் விரிசல் விடும். முதலில் மயிரிழை அளவு கசிவு. இரவில் ஒரு மூலை மட்டும் இறங்கும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் ஓடி அதைத் தூக்கிவிடும். ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. என் முதல் வண்டியில் முன்பக்க வலது மூலை இப்படி இறங்குவதை மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்கிவிடுகிறதே என்று விட்டுவிட்டேன். சில நிமிடம் ஓட வேண்டிய கம்ப்ரஸர் நாள் முழுக்க ஓடிச் சூடாகி எரிந்துபோனது. ஒரு ஏர் ஸ்பிரிங் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை, இரண்டு ஏர் ஸ்பிரிங், கம்ப்ரஸர், அதற்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே என்று நீண்டது.

அதனால் மூலை இறங்கினால் அந்த வாரமே காட்டுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்தாலே பெரும்பாலான கசிவுகள் தெரிந்துவிடும். கம்ப்ரஸர் மாற்ற நேர்ந்தால் ரிலேவையும் சேர்த்து மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட பழைய ரிலே புது கம்ப்ரஸரையும் எரித்துவிடும். ஜாக்கி போட்டுத் தூக்குவதற்கு முன் கையேட்டில் சொன்னபடி சஸ்பென்ஷனை நிறுத்திவைக்க வேண்டும். வண்டி தானாக மட்டம் சரிசெய்ய முயலும்போது அடியில் ஒருவரும் இருக்கக் கூடாது.

படி 5: டயர்

பல சொகுசு செடான்களில் ஸ்டெப்னி கிடையாது. டிக்கியைத் திறந்து இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ரன்ஃபிளாட் டயர் என்றால், காற்றே இல்லாமலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நட்சத்திரக் குறி பிஎம்டபிள்யூவுக்காகவும், எம்ஓ மெர்சிடிஸுக்காகவும், ஏஓ ஆடிக்காகவும் அங்கீகரிக்கப்பட்டவை. முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு அகலமாக இருந்தால் முன்னும் பின்னும் மாற்றிப்போட முடியாது, அதனால் பின் டயர்கள் சீக்கிரம் தேயும். டயரின் பள்ளங்களுக்குப் பல நாடுகளில் சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். ஆனால் ஈரச் சாலையில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே பிடிமானம் வேகமாகக் குறைகிறது. நான் 3-லேயே மாற்றிவிடுகிறேன்.

படி 6: பேட்டரியும் மின்னணுவும்

சம்பந்தமே இல்லாத நான்கைந்து எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் திரையில் வந்தால், பதறுவதற்கு முன் பேட்டரியைச் சோதியுங்கள். வோல்டேஜ் குறைந்தால் ஒவ்வொரு மின்னணுப் பெட்டியும் தனக்குத் தெரிந்த பிழையைச் சொல்ல ஆரம்பிக்கும். சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டாவது இருக்க வேண்டும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும்) பேட்டரிதான்; விலை குறைவென்று சாதாரண வகையைப் போடாதீர்கள். பிஎம்டபிள்யூ போன்றவற்றில் புது பேட்டரி போட்ட பிறகு அதை ஸ்கேனர் மூலம் வண்டியில் பதிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே வண்டி சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.

வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஏஜிஎம் வகைக்கு ஏற்ற ஸ்மார்ட் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டிவையுங்கள்.

சன்ரூஃப் இருக்கிறதா? அதன் மூலைகளிலிருந்து மழைத்தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்குகின்றன. இலையும் தூசியும் அவற்றை அடைத்தால் தண்ணீர் கம்பளத்துக்கு அடியிலோ டிக்கியிலோ தேங்கும். மின்னணுப் பெட்டிகள் பல அங்கேதான் இருக்கின்றன. சன்ரூஃபைத் திறந்து மூலைத் துளையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் தண்ணீர் விழுந்தால் சரி.

படி 7: எங்கே சர்வீஸ், எந்த உதிரிபாகம்

வாரன்டி இருக்கும்வரை நிறுவன சர்வீஸ் சென்டர். அதற்குப் பிறகு, அந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும், பழைய பாகத்தைக் கையில் கொடுத்துக் காரணம் சொல்லும் தனி மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள்.

உதிரிபாகம் கேட்கும்போது மாடல் பெயரைச் சொல்லாமல் எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் கொண்ட, வண்டியின் அடையாளமான வின் எண்ணைச் சொல்லுங்கள். ஒரே ஆண்டில் வந்த ஒரே மாடலுக்குள்கூட பிரேக் அளவு மாறியிருக்கும். அந்த எண்ணில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ வராது. எனவே வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். லோகோ போட்ட பெட்டி கட்டாயமில்லை. சஸ்பென்ஷன் ஆர்முக்கு லெம்ஃபோர்டர், ஃபில்டருக்கு மான், சென்சாருக்கு பாஷ் என்று கார் நிறுவனங்களுக்கே சப்ளை செய்பவர்களின் பாகங்கள் லோகோ இல்லாமல் விலை குறைவாகக் கிடைக்கும். பெயர் தெரியாத மலிவுச் சரக்கை மட்டும் பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் போடாதீர்கள்.

படி 8: கழுவுதலும் தோல் இருக்கையும்

பெயின்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். காய்ந்த துணியால் தூசி தட்டுவதே அதில் வலைபோன்ற கீறல்களை உண்டாக்குகிறது. முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணைப் போக்கி, இரண்டு வாளி வைத்து, ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலசத் தண்ணீர் என்று கழுவுங்கள். தோல் இருக்கைக்கு மாதம் ஒருமுறை மென்மையான லெதர் கிளீனர் போதும். பளபளவென்று எண்ணெய் பூசினாற்போல் ஆக்கும் பொருள்கள் வேண்டாம். நல்ல தோல் மங்கலாகத்தான் இருக்கும்.

படி 9: ஒரு நோட்டு

டாஷ்போர்டு பெட்டியில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, பாகத்தின் எண், செலவு என்று ஐந்து கட்டங்கள். கடைசிப் பக்கங்களை ‘கவனிக்க வேண்டியவை’ என்று ஒதுக்கி, காலையில் கண்ட ஈரம், திருப்பத்தில் கேட்ட சத்தம், குளிரில் மட்டும் வரும் அதிர்வு என எதையும் அன்றைய தேதியோடு எழுதுங்கள். சர்வீஸுக்கு விடும்போது அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மெக்கானிக்குக்கு அனுப்பிவிடுங்கள். முதல் வரியாக, வண்டி இரவெல்லாம் நின்றபின் நான்கு சக்கரங்களின் நடுவிலிருந்தும் மட்கார்டின் விளிம்புவரை டேப் வைத்து அளந்த உயரத்தை எழுதிவையுங்கள்.